முன்னோரின் ஆங்கிலக் கிராமத்தைத் தேடிச் சென்று, அதன் கூரை வீடுகளை நின்று பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

டார்செட் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி) ஒரு சிற்றூரில், தெரு வளைகிற இடத்தில் இருந்த ஒரு கூரை வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, என் மாமியார் கையிலிருந்த வரைபட நகலையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. 1840களில் வரையப்பட்ட அந்த வரைபடத்தில் அந்த மனைக்கு ஓர் எண் இருந்தது. இணைப்புப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக, குடியிருப்பவர் என்ற பத்தியில் அவருடைய தாத்தாவின் தாத்தா பெயர் இருந்தது. அதற்கு முன் இரண்டு முறை அதே தெருவில் காரில் போயிருக்கிறோம். அந்த வீட்டை அழகான வீடு என்று சொல்லிப் படமும் எடுத்திருக்கிறோம். ஆனால் அது யாருடைய வீடு என்று தெரியாமலே திரும்பிவிட்டோம்.

முன்னோரின் ஊரைப் பார்க்கப் போகிற பலருக்கும் நேர்வது இதுதான். ஆகவே இங்கிலாந்தில் வேர் உள்ளவர்களும், திருமண வழியில் அப்படி ஒரு குடும்பத்தோடு சேர்ந்தவர்களும் பயணத்தை ஊரில் தொடங்காமல் பதிவேட்டில் தொடங்க வேண்டும் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. கூரையைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

புறப்படுவதற்கு முன்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு, 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைப்படி ஒவ்வொரு பங்கு (பாரிஷ் எனப்படும் திருச்சபை வட்டாரம்) ஆலயமும் வைக்கத் தொடங்கிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளையே நம்ப வேண்டும். இவற்றில் பல இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. ஃப்ரீபிஎம்டி, ஃப்ரீரெக் போன்ற தன்னார்வலர் தளங்களில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை. டார்செட் உள்ளிட்ட சில கவுண்டிகளில் ‘ஆன்லைன் பாரிஷ் கிளார்க்’ என்ற பெயரில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு தன்னார்வலர் இருந்து, தாம் படித்து எழுதிய பதிவுகளை எல்லாருக்கும் திறந்து வைக்கிறார்.

ஊரின் பெயரைக் கண்டுபிடிக்க மிகவும் உதவுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 கணக்கெடுப்பில் ஒருவர் தாம் வாழும் கவுண்டியிலேயே பிறந்தவரா இல்லையா என்பது மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1851 முதல் பிறந்த பங்கின் பெயரே எழுதப்பட்டது. ஆகவே 1851க்குப் பிறகும் உயிரோடு இருந்த மூதாதையர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலும் ஊரையே கண்டுபிடித்துவிட்டோம் என்று கொள்ளலாம். பிந்தைய தலைமுறைகளைத் தேடுவோர், 1931 கணக்கெடுப்பு 1942இல் தீயில் அழிந்துவிட்டது என்பதையும், 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை என்பதையும் அறிந்திருந்தால் வீணாக அலைய வேண்டியிராது. முன்னோர் இராணுவத்திலோ கிழக்கிந்தியக் கம்பெனி வேலையிலோ சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர் என்றால், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளுக்கென ஒரு தனி வரிசை இருக்கிறது. அங்கே கிடைக்கும் திருமணப் பதிவில் தந்தையின் பெயர் இருந்தால், அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்துப் பதிவேடுகளுக்குத் திரும்பலாம்.

இங்கே இரண்டு இடங்களில் தவறு நேரும். முதலாவது, பதிவு மாவட்டத்தை ஊர் என்று எண்ணிவிடுவது. சான்றிதழின் தலைப்பில் ‘வேரம்’ என்று இருந்தால் முன்னோர் வேரம் பட்டணத்தில் பிறந்தார் என்று பொருளல்ல. வேரம் பதிவு மாவட்டத்துக்குள் அடங்கிய பல கிராமங்களில் ஏதோ ஒன்றில் பிறந்தார் என்றே பொருள். இரண்டாவது, ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது. சட்டன், நியூட்டன், ஆஷ்டன் என்ற பெயர்கள் நாடெங்கும் இறைந்து கிடக்கின்றன. கவுண்டியின் பெயரைச் சேர்க்காமல் எந்த ஊரையும் குறித்து வைக்கக் கூடாது.

ஊர் தெரிந்த பிறகு வீட்டைத் தேட வேண்டும். 1836ஆம் ஆண்டுச் சட்டம், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குப் பொருளாகக் கொடுக்கும் பழைய வழக்கத்தைப் பண வரியாக மாற்றியது. அதற்காக இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மனை மனையாக வரைபடங்கள் தயாரிக்கப்பட்டன. தசம வரைபடங்கள் எனப்படும் இவற்றோடு இணைந்த பட்டியலில் மனை எண், நில உரிமையாளர் பெயர், குடியிருப்பவர் பெயர், ‘குடிசையும் தோட்டமும்’ என்பது போன்ற விவரிப்பு, பரப்பளவு ஆகிய எல்லாம் இருக்கும். கூலித் தொழிலாளியின் பெயரும் அவர் குடியிருந்த இடமும் ஒரே வரியில் கிடைக்கக்கூடிய ஆவணம் இதைப்போல் வேறில்லை என்பது என் அனுபவம். சில இடங்களில் ‘மற்றும் பிறர்’ என்று எழுதிப் பல குடும்பங்களை மறைத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். அப்போது மனம் தளராமல் கணக்கெடுப்புக்குத் திரும்ப வேண்டும்.

அக்காலத்தில் கிராமங்களில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. கணக்கெடுப்பாளர் தெருவில் நடந்துபோன வரிசையிலேயே குடும்பங்களை எழுதினார். ஆகவே, இடம் மாறாத மதுக்கடை, பாதிரியார் இல்லம், ஆலை ஆகியவற்றை முதலில் அடையாளம் கண்டு, அவற்றுக்கு இடையே நம்முடைய குடும்பம் எத்தனையாவதாக வருகிறது என்று எண்ணினால் வீடு ஏறக்குறைய புலப்பட்டுவிடும். அந்தத் தாள்களில் ஒற்றைச் சாய்கோடு இருந்தால் ஒரே கட்டடத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது என்றும், இரட்டைச் சாய்கோடு இருந்தால் அடுத்த கட்டடம் தொடங்குகிறது என்றும் பொருள். இந்தச் சின்னக் கோடுகளை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இன்று ஒரே வீடாக, ரோஜாக் கொடி படர்ந்து நிற்கும் ஒன்று, அன்று இரண்டு மூன்று குடும்பங்கள் ஆளுக்கு ஓர் அறையும் மேலே ஒரு பரணுமாக நெருக்கியடித்து வாழ்ந்த இடம் என்பதை அந்தக் கோடுகள்தான் சொல்லும்.

இதன்பின் இரண்டு வேலைகள் மீதி. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்து, வீடு இன்னும் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளலாம். அடுத்து, ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஊரின் பெயரை இட்டுத் தேட வேண்டும். பாதுகாக்கப்பட்ட வீடாக இருந்தால் கட்டப்பட்ட காலம், சுவர் என்ன பொருள், கூரை என்ன பொருள், புகைபோக்கி எங்கே என்பது வரை ஒரு சிறு குறிப்பு அங்கே இருக்கும். அதை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.

போகும் காலமும் வழியும்

ஜூன், ஜூலை மாதங்களில் தோட்டங்கள் பூத்துக் குலுங்கும். படம் எடுக்க அதுவே காலம் என்பார்கள். நான் பிப்ரவரி இறுதியையும் பரிந்துரைப்பேன். மரங்களில் இலை இல்லாததால் கூரையின் முழு வடிவமும் தெரியும். தாழ்ந்து வரும் வெயில், வேய்ந்த தாளின் (வைக்கோல் தண்டுகளின்) ஒவ்வொரு வரியையும் எடுத்துக் காட்டும். எந்தக் காலமானாலும் நண்பகலைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ பார்ப்பது நல்லது.

பல கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்தே கிடையாது. மற்ற நாள்களிலும் ஓரிரண்டுதான். இந்திய உரிமம் வைத்திருக்கும் பார்வையாளர் 12 மாதங்கள் வரை அங்கே கார் ஓட்டலாம் என்பதால், வாடகைக் கார் எடுப்பதே எளிது. சந்து போன்ற கிராமச் சாலைகளில் எதிர் வண்டிக்கு ஒதுங்குவதற்காக விட்டிருக்கும் இடங்களில் மட்டும் காரை நிறுத்திவிடாதீர்கள். ஊருக்குள் போனதும் காரைத் தேவாலயத்துக்கு அருகிலோ ஊர் மண்டபத்திலோ விட்டுவிட்டு நடப்பதே சரி. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவிலான எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பொது நடைபாதைகள் அனைத்தும் குறிக்கப்பட்டிருக்கும். வழியில் மஞ்சள் அம்புக்குறி தென்பட்டால் அது எவரும் நடக்க உரிமையுள்ள பாதை. பல கூரை வீடுகளின் பின்புறம் இத்தகைய பாதையிலிருந்துதான் தெரியும். பின்புறத்தில்தான் பழமை அதிகம் ஒட்டியிருக்கும்.

கூரையைப் பார்ப்பது

பலரும் கூரை வீடு என்றதும் ஒட்டுமொத்தமாக அழகு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். கூரை பேசத் தொடங்கும்.

முதலில் பொருளைப் பாருங்கள். இங்கிலாந்தில் மூன்று வகை வேய்தல் முக்கியமானவை. நீர்நாணலால் வேய்ந்த கூரை விளிம்புகள் கூர்மையாக, வெட்டி எடுத்தாற்போல் இருக்கும். தண்டுகளின் வெட்டு நுனி மட்டுமே வெளியே தெரிவதால் மேற்பரப்பு நெருக்கமான தூரிகையைப் போலத் தோன்றும். நாஃபோக் கவுண்டியின் சதுப்பு நீர்ப்பரப்புகள் இந்த நாணலுக்குப் பெயர்பெற்றவை. சீவிய கோதுமைத் தாளால் வேய்ந்த கூரை டெவன், டார்செட் பகுதிகளுக்கு உரியது. தாளின் அடிமுனைகள் எல்லாம் ஒரே பக்கமாக வெளியே பார்க்க அடுக்கப்படுவதால் நாணல் கூரையைப் போன்றே வழவழப்பாக இருந்தாலும், வளைவுகள் மென்மையாக இருக்கும். மூன்றாவது, சீவாத நெடுந்தாள். இதில் அடியும் நுனியும் கலந்தே கிடக்கும். கூரை மேலிருந்து ஊற்றி வழிந்தது போலத் தளர்ந்த தோற்றம் கொண்டிருக்கும். நெடுந்தாள் கூரையை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு: முகட்டில் மட்டுமன்றி இறவாணத்தின் (கூரையின் கீழ்விளிம்பு) ஓரத்திலும் பக்க விளிம்புகளிலும் ஹேசல் மரக் குச்சிகளை வெளியே தெரியும்படி வரிசையாகப் பதித்து, இடையில் குறுக்கும் மறுக்குமாகப் பின்னியிருப்பார்கள்.

நாணல் கூரை ஐம்பது ஆண்டுகள்கூட நிற்கலாம். சீவிய தாள் ஏறக்குறைய 25 முதல் 40 ஆண்டுகள், நெடுந்தாள் அதனினும் குறைவு. எந்தக் கூரையானாலும் முகட்டை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே, கருத்துப் பாசி படிந்த கூரையின் உச்சியில் பொன்னிறமாக ஒரு பட்டை மட்டும் மின்னினால், அண்மையில் முகடு மாற்றியிருக்கிறார்கள் என்று அறியலாம். அந்த முகட்டின் ஓரத்தில் பிறைவடிவிலும் வைரவடிவிலும் வெட்டியிருக்கும் அலங்காரம் பெரும்பாலும் வேய்ந்தவரின் கைவண்ணம். முனையில் தாளால் செய்த காட்டுக்கோழியோ நரியோ உட்கார்ந்திருப்பதும் உண்டு.

அடுத்து, சரிவையும் இறவாணத்தையும் பாருங்கள். கூரை 45 பாகைக்குக் குறையாமல், பெரும்பாலும் அதைவிடச் செங்குத்தாக இருக்கும். மழைநீர் ஊறுவதற்கு முன் ஓடிவிட வேண்டும் என்பதே காரணம். நன்றாக வேய்ந்த கூரையில் மேலே சில சென்டிமீட்டர் மட்டுமே நனையும், உள்ளே இருப்பது காய்ந்தபடியே இருக்கும். பொதுவாக மழைநீர்க் குழாய் கிடையாது. அதனால்தான் இறவாணம் சுவரைவிட்டு அவ்வளவு தூரம் முன்னே நீண்டிருக்கிறது. டெவனில் பல வீடுகளின் சுவர்கள் களிமண்ணையும் தாளையும் மிதித்துக் குழைத்துக் கட்டிய மண்சுவர்கள். அத்தகைய சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல காலணியும் வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். தொப்பி கூரை, காலணி கல் அடித்தளம். மழை பெய்யும்போது போக நேர்ந்தால் வருந்தாதீர்கள். நூற்றுக்கணக்கான தாள் நுனிகளிலிருந்து தனித்தனிச் சொட்டாக நீர் இறங்கி, சுவரைத் தொடாமல் தரையில் ஒரு நேர்கோட்டில் குழி பறிப்பதைப் பார்த்தால் அந்த வீட்டின் சூத்திரமே விளங்கிவிடும்.

ஏதேனும் ஒரு வீட்டில் வேய்தல் நடந்துகொண்டிருந்தால், மற்ற எதையும் விட்டுவிட்டு அங்கே நில்லுங்கள். நாங்கள் கண்ட வேலைக்காரர், பிளந்த ஹேசல் குச்சி ஒன்றை எடுத்து, நடுவில் கயிறு முறுக்குவதுபோல் ஒரு முறுக்கு முறுக்கி, கொண்டை ஊசி வடிவத்தில் மடக்கி, தாளுக்குள் உள்ளங்கையால் அழுத்தி இறக்கினார். முறுக்காமல் மடக்கினால் குச்சி ஒடிந்துவிடும். முறுக்கினால் நார்கள் பிரிந்து வளைந்துகொடுக்கும். கூரையைப் பிடித்துவைப்பது இந்த ஊசிகள்தாம். அவர் பயன்படுத்திய கோதுமை கடையில் வாங்கும் மாவின் கோதுமை அல்ல. இன்றைய குட்டை ரகங்களின் தாள் வேய்வதற்குப் போதாது; அறுவடை இயந்திரம் அதை நொறுக்கியும் விடுகிறது. ஆகவே வேய்வதற்கென்றே நெட்டை ரகங்களை விதைத்து, பழைய கட்டு கட்டும் இயந்திரத்தால் அறுத்து, வயலிலேயே நிறுத்திக் காயவைக்கிறார்கள்.

பழைய கூரையை முழுவதும் பிரிக்காமல், கெட்ட மேற்பகுதியை மட்டும் நீக்கிப் புதுத் தாளை அதன்மேல் வேய்வது பல பகுதிகளில் வழக்கம். இதனால் சில கூரைகளின் அடியில், புகைபோக்கி வருவதற்கு முன் கூடத்தின் நடுவே நெருப்பு மூட்டிய காலத்துப் புகையால் கறுத்த தாள், இடைக்காலத்திலிருந்து அப்படியே தங்கியிருக்கிறது. நம் முன்னோர் விதைத்த பயிரின் தாளே இன்னும் அங்கே இருக்கக்கூடும் என்று எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

இவ்வளவு அழகான கூரை ஏன் இங்கே மட்டும் தங்கியது என்ற கேள்வியும் எழ வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கால்வாயும் இரயிலும் மலிவான சிலேட்டுக் கல்லைக் கொண்டுவந்தபோது, வசதியுள்ள ஊர்கள் மாறிக்கொண்டன. வறிய ஊர்களில் தாள் தங்கியது. டார்செட்டின் டால்படல் கிராமத்தில் விவசாயக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங்கிலிருந்து 7ஆகக் குறைந்து, 6ஆகும் என்ற நிலை வந்தபோது சங்கம் சேர்ந்த ஆறு பேர் 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். நம் குடும்பத்தார் பெயருக்கு எதிரே கணக்கெடுப்பாளர் ‘விவசாயக் கூலி’ என்பதன் சுருக்கத்தை எழுதியிருந்தால், அந்தக் கூரையின்கீழ் வாழ்ந்த வாழ்க்கை அதுதான். டால்படலில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

உள்ளே நுழைந்து பார்க்க

தனியார் வீட்டுக்குள் போக முடியாது. ஆகவே பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் ஒரு கூரை வீட்டையாவது பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்செட்டின் ஹையர் பாக்கம்டனில் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1840இல் பிறந்த வீடு, 1800இல் அவருடைய கொள்ளுத்தாத்தா கட்டியது. பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. மண்சுவரும் கூரையும் கொண்ட அதன் மாடி அறைகளில் தலை இடிக்காமல் நடக்கக் கவனம் வேண்டும். அது கட்டடத் தொழில் செய்த குடும்பத்தின் வீடு. கூலிக்காரர் வீடு இன்னும் சிறியது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சோமர்செட்டில் செல்வொர்தி கிராமத்தின் கூரை வீடுகள், 1828இல் சர் தாமஸ் ஆக்லண்ட் தம் பண்ணையின் முதிய வேலையாட்களுக்காக அமைத்தவை; அவற்றையும் ஊர்ப் பொதுவெளியிலிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

தேவாலயமும் கல்லறைகளும்

பழைய பதிவேடுகள் பெரும்பாலும் இப்போது தேவாலயத்தில் இருப்பதில்லை. கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். டார்செட்டுக்கு டார்செஸ்டரிலும், டெவனுக்கு எக்ஸிடரிலும் காப்பகங்கள் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு, பென்சில் எடுத்துப் போக வேண்டும், பேனாவுக்கு அனுமதியில்லை.

ஏழைகளில் பலருக்குக் கல் நாட்டப்படவில்லை. பெயர் பொறித்த கல் கிடைக்காவிட்டால் ஏமாற்றம் அடையாமல், போர் நினைவுத் தூணில் 1914–1918 பெயர்களைப் படித்துப் பாருங்கள். பழைய குடும்பப் பெயர்கள் அங்கே அப்படியே இருக்கும். மங்கிய எழுத்தைப் படிக்கச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்ப்பதோ கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவதோ கூடவே கூடாது. ஒரு கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து விழச் செய்தால், எழுத்தின் நிழல் தானாகத் தெளியும்.

வீட்டில் இருப்பவர்களிடம்

பொதுத் தெருவில் நின்று படம் எடுப்பதற்குத் தடையில்லை. தோட்டத்துக்குள் கால் வைப்பதும் சன்னலில் எட்டிப் பார்ப்பதும் தவறு. கதவைத் தட்டுவதற்குப் பதிலாக, சில வாரங்களுக்கு முன்பே வீட்டின் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, தசம வரைபடத்தின் நகலையும் கணக்கெடுப்புத் தாளின் நகலையும் இணைத்து அனுப்புவது எங்களுக்கு நல்ல பலன் தந்தது. கேட்பதைவிடக் கொடுப்பது முதலில் வந்தால், கதவு தானாகவே திறக்கும். கடிதத்தில் நீங்கள் வரும் நாளையும் தங்கும் இடத்தையும் எழுதி, பதில் வராவிட்டால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போவோம் என்றும் சொல்லிவிடுங்கள்.

வீடு இல்லாமற்போயிருந்தால்

இதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பிளாண்ட்ஃபர்ட் ஃபோரம் பட்டணம் 1731 தீயில் ஏறக்குறைய முழுவதும் எரிந்தது. டார்செட்டின் டைன்யம், வில்ட்ஷயரின் இம்பர் ஆகிய இரண்டு கிராமங்களையும் 1943 இறுதியில் இராணுவம் காலி செய்யவைத்தது. மக்கள் திரும்பவே இல்லை. டைன்யத்துக்குத் துப்பாக்கிப் பயிற்சி இல்லாத வார இறுதிகளில் போகலாம். இம்பர் ஆண்டில் சில நாள்கள் மட்டுமே திறக்கும். டார்செட்டின் மில்டன் அபாஸ் கிராமம் நேர்மாறான கதை: ஜோசப் டேமர் என்ற பிரபு தம் மாளிகையின் காட்சிக்கு இடைஞ்சல் என்று பழைய மிடில்டன் பட்டணத்தையே இடித்துவிட்டு, 1780ஐ ஒட்டி, வெள்ளைச் சுவர்களோடு ஒரே மாதிரியான கூரை வீடுகளை இரு வரிசையாகக் கட்டினார். ஒவ்வொரு வீடும் இரண்டு குடும்பங்களுக்கென அமைந்தது. அந்தத் தெருவைப் பார்க்கப் பலரும் வருகிறார்கள். முன்னோர் மிடில்டன்காரர் என்றால், தெருவைப் பார்த்தபின் பழைய பட்டணம் இருந்த அபே (பழைய மடாலய ஆலயம்) பக்கமும் நடந்துவிட்டு வாருங்கள்.

எங்கள் கடிதத்துக்குப் பதில் வந்தது. அந்த வீட்டுக்காரர் தேநீர் கொடுத்து, பரணுக்கு ஏறும் குறுகிய படியையும், நடுவில் ஒரு காலத்தில் இருந்த தடுப்புச் சுவரின் தடத்தையும் காட்டினார். அடுத்த ஆண்டு முகடு மாற்றியபோது, கழற்றிய பழைய ஹேசல் ஊசி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என் மாமியாருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். நடுவில் இருந்த முறுக்கு இன்னும் பிரியவில்லை.